பழமை பேணுவோரும் அரசியல் விமரிசனமும்

அன்றாட நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதப்படும் விமரிசனம் பெரும்பாலும் அன்றோடு மடிந்துவிடுவது. காலையிற் படித்த கருத்து மாலையிற் பழங்கதையாகின்றது. எழுதத் தூண்டிய நிகழ்ச்சி மறக்கப்படும்போது எழுத்தும் உடன் மறக்கப்படுகின்றது. எனினும், நூற்றாண்டுகள் கடந்தும் கற்றோராற் படிக்கப்படும் அரசியல் எழுத்துக்கள் சில உள. பழமையைப் பேணல் வேண்டும் என்னுங் கொள்கையுடையோர் எழுதியனவும் அவற்றுள் அடங்கும். மாற்றத்தை விரும்புவோன் எதிர்காலத்தைச் சுட்டிக்காட்டித் தன் வாதத்தை முடித்துவிடலாம். பழமை பேணுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் எது காக்கத்தக்கது, எக்காரணம் பற்றிக் காக்கத்தக்கது என்பதை அவன் நாடோறும் நிறுவியாக வேண்டும். இக்கடமையை அவன் நேர்மையாக ஆற்றினானா என்பதே அவனது எழுத்தை அளக்குங் கோலாகும். பழமை என்ற பெயர் பெற்றமை மாத்திரையான் ஒன்று பேணத்தக்கதாகிவிடாது.

ஆங்கிலத்திற் 'கொன்சர்வேற்றிவ்' என வழங்கும் அரசியற் பெயர் இதழ்களின் வாயிலாகவே பரவியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1818 ஆம் ஆண்டிலே சத்தோபிரியான் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் தாம் தொடங்கிய இதழுக்குக் 'காப்போன்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1830 இல் இங்கிலாந்தின் 'குவாட்டர்லி றிவியூ' இதழில் வந்த கட்டுரையொன்று தோரிக் கட்சிக்கு இப்பெயரே பொருத்தமுடையது என்றது. பின்னரே அது கட்சியின் பெயராக நிலைத்தது. ஆயினும் பெயர் பிறக்குமுன் பொருள் பிறந்துவிட்டது. அப்பொருளுக்கு உருக்கொடுத்தவர் எட்மண்ட் பேர்க் ஆவார்.

பேர்க் 1729 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலே பிறந்தவர். 1766 தொடக்கம் 1794 வரை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வீற்றிருந்தவர். பிற்காலப் பழமை பேணுவோர் தம் முதலாசிரியராக இவரைப் போற்றினும், இவர் தோரிக் கட்சியினர் அல்லர். விக் கட்சியைச் சார்ந்தவர். 1790 நவம்பரில் இவர் வெளியிட்ட 'பிரான்சின் புரட்சி பற்றிய சிந்தனைகள்' என்னும் நூல் அக்கால நிகழ்ச்சியைப் பற்றிய விமரிசனமே. புரட்சி தொடங்கி ஒன்றரை ஆண்டும் நிறையாத வேளையில், இறந்தோர், வாழ்வோர், இனிப் பிறப்போர் ஆகிய மூவகையாரும் பங்காளராயமைந்த கூட்டே சமுதாயம் என்றும், அக்கூட்டை ஒரு தலைமுறையினர் தம் விருப்பப்படி கலைத்தற்கு உரிமையிலர் என்றும் அவர் வாதித்தார். பழைய அதிகாரங்கள் யாவும் வீழ்ந்தபின், படையினரின் அன்பைப் பெற்ற தளபதி ஒருவன் எழுந்து நாட்டையே கைக்கொள்வான் எனவும் எழுதினார். 1799 இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியமை அக்கூற்றை மெய்ப்பித்தது.

1775 இல் அமெரிக்கக் குடியேற்றத்தாருக்காகப் பரிந்து பேசிய பேர்க், பதினைந்து ஆண்டுகளின் பின் பிரெஞ்சுப் புரட்சியாளரைப் பகைத்தமை பலருக்கு முரணாகத் தோன்றியது. கூர்ந்து நோக்குவார்க்கு அம்முரண் மறையும். அமெரிக்கர் கேட்டது புதிய உரிமையன்று. ஆங்கிலேயர் என்ற வகையிலே தாம் வழிவழியாகப் பெற்ற உரிமையையே அவர் கேட்டனர். அவர் இசைவின்றிப் புதிய வரிகளை விதித்த இலண்டன் அரசாங்கமே வழக்கத்தை மீறியது. ஆகவே, ஆட்சியில் இருப்போரே பழமையின் காவலர், எதிர்ப்போர் யாவரும் அதன் பகைவர் எனக் கொள்ளும் எளிய கணக்குப் பேர்க்கிடம் செல்லாது. மரபை மீறியவன் எப்பக்கத்தில் நிற்கின்றான் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அவர் தனித்தனியே ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சியின் சிறப்பை, தமிழர் வாழும் நிலத்தைப் பற்றி அவர் நிகழ்த்திய பேருரையொன்றிற் காணலாம். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியர் பலருக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். அக்கடன்களிற் பல மெய்யாகவே கைமாறிய பணமோ, ஏட்டில் மட்டும் எழுதப்பட்ட கணக்கோ என்பது ஐயத்துக்கிடமாயிருந்தது. எனினும் அவற்றைத் தக்கவாறு விசாரியாமலே, அக்காலத்திற் கருநாடகம் என வழங்கிய அந்நாட்டின் நிலவருவாயிலிருந்து கொடுத்துத் தீர்க்க வில்லியம் பிற்றின் அரசாங்கம் இசைந்தது. 1785 பெப்ரவரி 28 இல் பேர்க் அதனை எதிர்த்து எழுந்தார். 1780 இல் ஐதர் அலியின் படையெடுப்பால் அந்நாடு அடைந்த பேரழிவை அவர் அவையின் கண்முன் நிறுத்தினார். பின்னர், வேறெவரும் எதிர்பாராத வகையிற் குளங்களைப் பற்றிப் பேசலானார். கருநாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பதினாயிரத்துக்குக் குறையாத நீர்த்தேக்கங்கள் உள எனவும், தம் வாழ்நாளோடு அமையாது பின்வருந் தலைமுறைகளையும் தம் மக்களாகக் கருதிய அரசர் விட்டுச் சென்ற சின்னங்கள் அவையே எனவும் அவர் கூறினார். பாழ்பட்ட நிலத்தின் முதல் வருவாய் அந்நீர்நிலைகளைச் சீர்செய்யச் செல்ல வேண்டியிருக்க, கடன்காரரின் பைக்குட் செல்வதைக் கண்டித்தார்.

பேர்க் இந்தியாவை ஒருநாளேனுங் கண்டவரல்லர். அவர் ஆதரித்துப் பேசிய தீர்மானம் அவையில் தோல்வியுற்றது. எனினும் பழமை பேணுவோரின் விமரிசனம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு அவ்வுரை இன்றும் இலக்கணமாகின்றது. மூன்று வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. முன்னோர் தேட்டம் யாது? அது யாருக்கென விடப்பட்டது? இன்று அதனை நுகர்வோர் யாவர்? இம்மூன்றையும் எழுப்பியமையாலேயே, தம் நாட்டாரும் செல்வாக்கு மிக்கோருமான கம்பனி ஊழியருக்கு எதிராகவும், கடலுக்கப்பாற்பட்ட உழவருக்குச் சார்பாகவும் அவர் நிற்க நேர்ந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788 இல் தொடங்கி 1795 இல் அவரது விடுதலையுடன் முடிந்த நெடும் விசாரணைக்குப் பேர்க்கைச் செலுத்தியதும் இம்மனப்பாங்கே.

பேர்க்கின் எழுத்துக் குற்றமற்றது எனல் பொருந்தாது. பிரான்சைப் பற்றி எழுதியபோது, ஆர்க்காட்டைப் பற்றிக் கேட்ட வினாக்களை அவர் அத்துணை நுட்பமாகக் கேட்டாரல்லர். அரசியின் அவலத்தை உருகி வருணித்தவர், 1789 இல் அப்பத்தின் விலையேற்றத்தால் வாடிய குடியானவனை அவ்வாறு வருணிக்கவில்லை. தோமஸ் பெயின் 1791 இல் வெளியிட்ட 'மனிதனின் உரிமைகள்' என்னும் மறுப்புநூல் இக்குறையைச் சுட்டியமை நியாயமே. மாளிகையின் துயரைக் கண்ட கண் குடிசையின் துயரையுங் காணல் வேண்டும். காணாவிடின், காவலன் என்ற பெயர் பாதிப் பெயராகவே நின்றுவிடும்.

பேர்க் வகுத்த நெறியைப் பிற்காலத்தார் எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு அமெரிக்க இதழொன்றின் வரலாறு தக்க சான்றாகும். 1955 நவம்பர் 19 இல் 'நஷனல் றிவியூ' என்னும் இதழின் முதல் வெளியீடு வந்தது. அதனைத் தொடங்கிய வில்லியம் பக்லிக்கு அப்போது முப்பது வயதும் நிறையவில்லை. தாம் கற்ற யேல் பல்கலைக்கழகத்தின் போதனையைக் கண்டித்து 1951 இல் நூலெழுதிப் பெயர் பெற்றவர் அவர். அமெரிக்காவிலே தாராளக் கொள்கை ஒன்றே அறிவுலகில் வழங்குகின்றது என்று லயனல் திறில்லிங் என்னும் திறனாய்வாளர் 1950 இல் எழுதியிருந்தார். எதிர்வாதியில்லாத அவையில் வாதியின் அறிவும் மழுங்கிப்போம். அவ்வகையில், காலத்தின் ஓட்டத்தைக் குறுக்கிட்டு நிறுத்துதலே தம் பணி என்று அறிவித்துப் புறப்பட்ட இவ்விதழ் ஒரு தேவையை நிறைவேற்றியது எனலாம். அரசு வரம்பின்றிப் பெருகுதலையும் பொதுவுடைமை ஆட்சிகளின் கொடுமையையும் அது இடையறாது கண்டித்தது. கலை இலக்கியத்திலும் தன் சார்பினர் என்பதற்காக எவரையும் அது தப்பவிட்டதில்லை. அயன் றாண்ட் 1957 இல் வெளியிட்ட பெருநாவல் முதலாளித்துவத்தைப் போற்றியது; ஆயினும் அதன் இறுகிய நெஞ்சை விற்றேக்கர் சேம்பர்ஸ் அவ்வாண்டு டிசெம்பரில் இவ்விதழிலேயே கடுமையாகச் சாடினார்.

அதே 1957 ஆம் ஆண்டு தான் இவ்விதழின் மிகப் பெரிய வழுவுக்கும் உரியது. அமெரிக்கத் தென்மாநிலங்களிற் கறுப்பின மக்களின் வாக்குரிமை பற்றிய சட்டம் மூதவையில் விவாதிக்கப்பட்ட காலம் அது. ஓகஸ்ட் 24 ஆம் தேதி இதழின் ஆசிரிய தலையங்கம், தென்மாநில வெள்ளையர் தொகையிற் குறைந்துள்ள இடங்களிலும் தம் மேலாட்சியை நிலைநிறுத்த வேண்டிய வழிகளைக் கையாள உரிமையுடையோர் என்று வாதித்தது. அவ்வினம் அக்காலைக்கு நாகரிகத்தில் முன்னேறியது என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம்.

இவ்வாதத்தை மாற்றங் கோருவோரின் அளவுகோலால் மறுத்தல் எளிது. பழமை பேணுவோரின் அளவுகோலாலேயே அளந்தாலும் அது நில்லாது என்பதே கருதத்தக்கது. இனம் பற்றி வாக்குரிமையை மறுத்தலாகாது என்னும் பதினைந்தாந் திருத்தம் 1870 இல் அமெரிக்க அரசியலமைப்பின் பகுதியாயிற்று. எழுத்தறிவுச் சோதனை முதலிய சூழ்ச்சிகளாற் கறுப்பினத்தாரை வாக்கிடாது விலக்கும் அரசியலமைப்பை மிசிசிப்பி மாநிலம் இயற்றியதோ 1890 இல். ஏனைய தென்மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. எனவே சட்டம் மூத்தது, விலக்கு இளையது. இதழ் பழமை எனக் காத்தது உண்மையிற் பின்வந்த புதுமையே. இலண்டன் அரசாங்கம் 1775 இல் நின்ற இடத்திலேயே தென்மாநிலத்தார் நின்றனர். அவ்விடத்தை நோக்கிப் பேர்க் எழுப்பிய வினாவைப் பேர்க்கைப் போற்றியோர் எழுப்ப மறந்தனர். முன்னோர் தேட்டம் யாருக்கென விடப்பட்டது என்று கேட்டிருப்பின், அதனை நுகர்வோர் ஒருசாராரே என்பது அவர்களுக்குப் புலனாகியிருக்கும்.

இவ்வழுவை முதலிற் கண்டவர் பகைவரல்லர் என்பது இவ்வரலாற்றின் அரிய செய்தி. பக்லியின் சகோதரியை மணந்தவரும் இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவருமான பிரென்ற் பொசெல், 1957 செப்டெம்பர் 7 ஆம் தேதி இதழிலேயே தலையங்கத்தை மறுத்து எழுதினார். அரசியலமைப்பின் ஆணை தெளிவாயிருக்க, அதனை மீறுமாறு கூறுதல் சட்டத்தின் ஆட்சியைக் காப்போருக்கு அடாது என்பது அவர் வாதத்தின் சாரம். இம்மறுப்பைத் தன் பக்கங்களிலே வெளியிட்டமை இதழின் நேர்மைக்குச் சான்று. அம்மறுப்பை ஏற்றுத் தன் நிலையைத் திருத்தாமை அதன் குறைக்குச் சான்று. 1964 இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தையும் அது எதிர்த்தே நின்றது.

தன் பக்கத்தாரைக் கண்டிக்கும் ஆற்றல் இவ்விதழுக்கு இல்லாமற் போகவில்லை. 1958 இல் றொபேட் வெல்ச் என்பார் 'ஜோன் பேர்ச் சங்கம்' என்ற அமைப்பை நிறுவினார். சனாதிபதி ஐசனோவரே பொதுவுடைமைச் சதியின் கருவி எனக் கருதும் அளவுக்கு அவரது ஐயம் முற்றியிருந்தது. அச்சங்கத்தாரிற் பலர் இதழின் வாசகர். சிலர் பொருளுதவி புரிந்தோர். எனினும் 1962 பெப்ரவரியில் பக்லி வெல்ச்சின் கருத்துக்களைப் பொய்யெனக் கண்டித்து எழுதினார். அப்போதுகூடத் தலைவரை மட்டும் கண்டித்துச் சங்கத்தாரை விட்டுவைத்தமை குறையே. அச்சங்கம் முழுவதையும் இதழ் விலக்கியது 1965 ஒக்டோபரிலேயாம். ஆயினும் சந்தாவை இழக்கும் அச்சத்திலும் உண்மையை இழக்கும் அச்சம் அன்று மேலோங்கியது. பொய்யை விலக்கிய கை, அநீதியை விலக்கவும் நீண்டிருந்தால் இதழின் பெயர் ஓங்கியிருக்கும்.

1965 பெப்ரவரி 18 இல் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தில் நிகழ்ந்த விவாதம் இக்குறையை உலகறியச் செய்தது. அமெரிக்கக் கனவு கறுப்பினத்தாரின் இழப்பிலே கட்டப்பட்டது என்னும் பிரேரணையை எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் ஆதரித்துப் பேச, பக்லி எதிர்த்துப் பேசினார். 544 வாக்குகள் பிரேரணைக்குச் சார்பாகவும், 164 எதிராகவும் அளிக்கப்பட்டன. பக்லி சொல்வன்மையிற் குறைந்தவரல்லர். 1966 தொடக்கம் 1999 வரை அவர் நடத்திய தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சி அதற்குச் சான்று. ஆனால் அன்று போல்ட்வின் பேசியது வாழ்ந்து கண்ட துயரை. பக்லி பேசியது விவாத நுட்பத்தை. மரபின் பெயராற் பேசுவோன், அம்மரபினால் அடிபட்டவனுக்கு மறுமொழி கூற ஆயத்தமின்றி அவையேறுதல் கூடாது என்பதே அவ்விரவு தந்த பாடம்.

படிப்படியான மாற்றமே நிலைக்கும், சட்டத்தால் விரைந்து திணிக்கப்படுவது நிலையாது என்பது பழமை பேணுவோரின் நெடுநாள் வாதம். அதிலே உண்மை இல்லாமலில்லை. பிரான்சில் நிகழ்ந்தவை அதற்குச் சான்று பகரும். ஆனால் பொறுமையை உபதேசிப்போன் ஆண்டுகளையும் எண்ணுதல் வேண்டும். 1870 இல் எழுதப்பட்ட உரிமைக்காக 1957 வரை எண்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்தோரிடம் இன்னும் சிறிது பொறுத்திருங்கள் எனக் கூறுதல் விவேகமன்று. அது மறுப்பின் மறுபெயரே. காலம் தானே நோயைத் தீர்க்கும் என்று தாம் நம்பியது தவறென்றும், நடுவண் அரசின் தலையீடு வேண்டியதே என்றும் பக்லி 2004 இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2008 இல் மறைவதற்கு முன் அவர் செய்த ஒப்புதல் காலந்தாழ்ந்ததே எனினும், தன் பழைய எழுத்தைத் தானே திருத்திக்கொள்ளும் விமரிசகன் மதிக்கத்தக்கவன்.

அதன்பின் பழமை பேணுவோரின் விமரிசனம் புதிய ஊர்திகளில் ஏறியது. பொதுப் பிரச்சினைகளில் இருபக்கக் கருத்துக்களுக்கும் இடமளிக்க வேண்டும் என 1949 தொடக்கம் அமெரிக்க ஒலிபரப்பாளர்மீது இருந்த விதி 1987 இற் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டிலே றஷ் லிம்போவின் வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. 1996 இல் 'பொக்ஸ்' செய்தித் தொலைக்காட்சி பிறந்தது. நேயரை நாடோறும் கூட்டிவைக்க வேண்டிய ஊடகத்துக்கு, அந்நேயரையே கண்டித்தல் கைநட்டமாகின்றது. இந்நோய் ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. மாற்றங் கோருவோரின் ஊடகங்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் தன் பக்கத்தாரின் பிழையைக் கூறாத வாய் தாங்கும் செல்வத்தையும் அறியாது கெடும் என்ற அபாயம் காப்போனுக்கே மிகுதி. 2016 சனவரியில் 'நஷனல் றிவியூ' தன் சார்பினரிற் பலர் விரும்பிய வேட்பாளர் டொனால்ட் ட்றம்பை எதிர்த்துச் சிறப்பிதழ் வெளியிட்டது. அவர் அவ்வாண்டும், பின்னர் 2024 இலும் சனாதிபதியாகத் தெரிவாயினார். அக்காரணத்தால் அச்சிறப்பிதழின் வாதம் வென்றதென்றோ தோற்றதென்றோ கூறிவிட முடியாது. வாக்குத் தொகை தேர்தலை முடிவு செய்யும். விமரிசனத்தின் தகுதியை அதன் நியாயமே முடிவு செய்யும்.

பேர்க் போற்றிய குளங்களிடமே இவ்வாராய்ச்சி மீளுதல் தகும். வன்னிநாட்டு உழவன் அறிந்த உண்மை ஒன்றுண்டு. குளத்தைக் காத்தல் என்பது குளக்கட்டை உடையாது பேணுதலும், துருசைச் சீர்செய்தலும் மட்டுமன்று. ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றுதலும் ஆகும். வண்டலும் பழையதே, ஆனால் அதனைக் குளமென மயங்கிக் காத்து நிற்போன் ஈற்றிற் குளத்தையே இழப்பான். குளத்தை வெட்டியவன் நோக்கம் நீர். நீர் பாய வேண்டியது ஒருவன் வயலுக்கன்று, ஊரார் அனைவரின் வயலுக்கும். கட்டை வெட்டிவிட முனைவோனைத் தடுக்கும் எழுத்தும், தூர் வாரத் தடையாய் நிற்கும் தன் இனத்தானைத் தடுக்கும் எழுத்தும் ஒரே கையிலிருந்து பிறக்கும்போதே, பழமை பேணுதல் என்னுஞ் சொல் தன் முழுப்பொருளைப் பெறுகின்றது. 1785 இல் அது பெற்றது. 1957 இல் அதனை இழந்தது. முன்னோர் தேட்டத்தைக் கையேற்கும் ஒவ்வொரு தலைமுறையும் இவ்விரண்டில் எதனை வழிபடும் என்பதை அதன் எழுத்தே காட்டிக்கொடுக்கும்.